கட்டிய நாயும் கட்டுண்ட நாமும்

ஆயர் ஈத்தாமில் பொழுது புலர்வதற்கு முன்பே மலை விழித்துக்கொள்கிறது. கெக் லோக் சி கோயிலைக் கடந்து அணைக்கட்டை நோக்கி வளைந்து வளைந்து ஏறும் சாலையில், கதிரவன் தலைகாட்டுமுன் மனித நடமாட்டம் தொடங்கிவிடும். தோளில் துண்டும் கையில் தண்ணீர்ப் புட்டியுமாகச் சீன முதியவர்கள் ஏறிச் செல்வர். அவர்களுள் சிலருக்குப் பக்கத்தில் வாலை ஆட்டிக்கொண்டு ஒரு நாயும் செல்லும். அதே வேளையில் அடிவாரத்துக் குடியிருப்புகளில் வேறொரு காட்சி. வாயிலில் இரும்புக்கதவு, கதவுக்குப் பின்னால் ஒரு தூண், தூணில் ஒரு சங்கிலி, சங்கிலியின் முனையில் ஒரு நாய். சாலையிற் செல்லும் நாயைப் பார்த்து அது குரைக்கிறது. வீட்டினுள்ளிருந்து ஒரு குரல் அதனை அதட்டுகிறது. அந்த அதட்டல் பெரும்பாலும் நம் தாய்மொழியில் என் காதில் விழுவதுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

பிறர் வீட்டைச் சுட்டுமுன் என் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் மணி என்றொரு நாய் இருந்தது. பதினொரு ஆண்டுகள் இருந்தது. அத்தனை ஆண்டுகளும் கொல்லைப்புறத்துக் கொய்யா மரத்தில்தான் கட்டுண்டு கிடந்தது. வேளை தவறாமல் சோறு வைத்தோம். மழைக்கு ஒரு தகரக் கூரை போட்டோம். அதனையே பெருங்கருணை என எண்ணியிருந்தோம். அது இறந்த பிறகுதான் அந்த மரத்தடியை உற்றுப் பார்த்தேன். சங்கிலியின் நீளத்தை ஆரமாகக் கொண்டு வட்டம் வரைந்தாற்போல் புல் முளைக்காத தரை. பதினொரு ஆண்டுகளில் ஓர் உயிர் கண்ட உலகம் அவ்வளவே. அந்தப் பதினொரு ஆண்டுகளிலும் நான் வகுப்பறையில், 'நாய் நன்றியுள்ள விலங்கு' என்று மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்பித்துக்கொண்டிருந்தேன்! நாயின் நன்றியைப் பற்றி நாற்பது வரி எழுதச் சொன்ன நான், நாய்க்கு நாம் காட்ட வேண்டிய நன்றியைப் பற்றி ஒரு வரியும் சொல்லவில்லை.

ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! நாயை இழிவாகக் கருதுவது தமிழர் வழக்கம் என்று சிலர் சாதிப்பர். நம் நாவில் அதன் பெயர் வசைச்சொல்லாகிவிட்டது உண்மையே. ஆயினும் நம் முன்னோர் அதற்கு ஞமலி என்றும், ஞாளி என்றும், சுணங்கன் என்றும் பல பெயரிட்டு அழைத்தனர். வேட்டுவர் வாழ்வில் அதற்கு ஓர் இடம் இருந்தது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் நாட்டப்பட்ட நடுகல் ஒன்று உண்டு. மாடு பிடிக்க வந்தோருடன் பொருது வீழ்ந்த வீரனின் உருவம் அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. அவனருகே அவன் நாயின் உருவமும் நிற்கிறது. கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்வெட்டு பதிந்து வைத்திருக்கிறது. வீரனுக்குக் கல் நட்ட ஊரார், நாய்க்கும் அக்கல்லில் இடம் தந்தனர். பாரதக் கதையில் தருமன், தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் ஏற மறுத்தான். வைரவரை வணங்குவோர் அவர்தம் ஊர்தியையும் சேர்த்தே வணங்குகின்றனர். இவ்வளவும் அறிந்த நாம், வீட்டுத் தூணில் கட்டிய நாயை மட்டும் காணாமற் போவது எங்ஙனம்?

தோட்டப்புற வாழ்வை நினைத்துப் பார்ப்போம். லயத்து வீடுகளில் வாழ்ந்த நம் பெற்றோரும் பாட்டன்மாரும் நாய் வளர்த்தனர். விடியற்காலையில் பால்மரம் சீவப் புறப்பட்டவர்களின் பின்னே நாயும் புறப்பட்டது. நிரை நிரையாக அவர்கள் நடந்த தொலைவெல்லாம் அதுவும் நடந்தது. வறுமையில் உழன்ற அம்மக்களிடம் நாய்க்குப் போடச் சோறு குறைவாக இருந்திருக்கலாம். நடை குறைவாக இருந்ததில்லை. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நாம் நகரத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தோம். நாயையும் உடன் கொண்டுவந்தோம். ஆனால் அதன் நடையை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். நம் நடையையும் அங்கேயே விட்டுவிட்டோம் என்பதுதான் அதனினும் பெரிய இழப்பு.

இதனை நான் அணிக்காகச் சொல்லவில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயது வந்தோருள் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியரிடையே அந்த விழுக்காடு 31.4. ஏறக்குறைய மூவரில் ஒருவர்! உணவு, மரபு, வறுமை எனக் காரணங்கள் பல உள. எனினும் நாள்தோறும் நடப்பது அந்நோயை எதிர்க்கும் எளிய வழிகளுள் ஒன்று என்பதை மருத்துவர் அனைவரும் ஒப்புவர். மருத்துவர் 'நடங்கள்' என்கிறார். 'நேரமில்லை, துணையில்லை' என்கிறோம். துணையோ வாயிலில் கட்டுண்டு, ஒவ்வொரு விடியலிலும் நம்மை அழைத்துக்கொண்டிருக்கிறது!

'காவலுக்குத்தானே நாய், கட்டாமல் என்ன செய்வது?' என்பர் சிலர். கட்டிப்போட்ட நாய் நல்ல காவலன் அன்று. எதனையும் நெருங்கிச் சென்று அறிய முடியாத அது, எல்லாவற்றையும் அஞ்சுகிறது. உதிர்ந்த இலைக்கும் குரைக்கிறது, அஞ்சற்காரருக்கும் குரைக்கிறது, கள்வனுக்கும் குரைக்கிறது. நாளடைவில் வீட்டார் அதன் குரலுக்குச் செவிசாய்ப்பதை விட்டுவிடுகின்றனர். பிறகு அது காப்பது யாரை? நாய்க்கு மோப்பமே பார்வை. தெருவின் ஒவ்வொரு மூலையும் அதற்கு ஒரு செய்தித்தாள். அரைமணி நேரம் வெளியே நடந்து, மோந்து, அறிந்து திரும்பும் நாய், வேற்றாரையும் வழிப்போக்கரையும் பிரித்தறியும் அமைதியைப் பெறுகிறது.

சட்டமும் நமக்குச் சிலவற்றைச் சொல்கிறது. 2015-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட விலங்கு நலச் சட்டம், தக்க உணவும் இடமும் தருவதோடு, தன் இயல்புக்கேற்ப நடந்துகொள்ளும் வாய்ப்பையும் விலங்குக்கு அளிப்பது உரிமையாளரின் கடமை என்கிறது. கொடுமை செய்வோருக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை தண்டமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. செர்மனி நாடு 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளில் நாய்க்குப் போதிய வெளிநடை வேண்டுமென வலியுறுத்தியது. கட்டிவைத்து வளர்ப்பதை 2023 முதல் தடை செய்தது. நாம் சட்டத்துக்கு அஞ்சி நாயை அவிழ்க்க வேண்டுமென நான் விழையவில்லை. சட்டம் வந்து சொல்லும் வரை நம் மனம் சொல்லவில்லையே என்றுதான் வருந்துகிறேன்.

இனி, மறுபுறத்தாரின் வழக்கைக் கேட்போம். 'பூங்கா மக்களுக்கு உரியது. நாய்க்கு அங்கே என்ன வேலை?' என்று இவர்கள் வினவுவர். நம் நாட்டுப் பொதுப்பூங்காக்கள் பலவற்றின் வாயிலில் நாய்க்கு இடமில்லை என்னும் பலகை நிற்கிறது. அதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. எச்சத்தை அப்படியே விட்டுச்செல்லும் உரிமையாளரை நானும் கண்டிருக்கிறேன். 2015 செப்டம்பரில் பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியபோது மக்கள் நடுங்கினர். தெருநாய்களைக் கொல்ல மாநில அரசு முடிவெடுத்தது. விலங்கு நல அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. 2017 முதல் சரவாக்கில் அந்நோய் மனித உயிர்கள் பலவற்றைக் கொண்டுள்ளது. அச்சத்தை எள்ளி நகையாடுவது அறிவுடைமையாகாது. நாயின் எச்சில் பட்டால் ஏழுமுறை கழுவித் தூய்மை செய்ய வேண்டிய சமயக் கடமை உடைய இசுலாமிய அண்டைவீட்டாரும் அதே பாதையில்தான் நடக்கின்றனர். அவர்தம் மனம் நோகாமல் நடப்பது நம் பண்பாடு.

ஆயினும் ஒன்று கேட்கிறேன். 2015-இல் தெருவில் செத்து விழுந்த நாய்களைத் தெருவுக்கு அனுப்பியவர் யார்? குட்டியாக இருந்தபோது கொஞ்சிவிட்டு, வளர்ந்தபின் சந்தையோரத்திலும் கோயிலடியிலும் விட்டுச் சென்றவர் நம்மிடையே இல்லையா? குற்றம் வளர்த்தவனுடையது, தண்டனை நாய்க்கு. உரிமம் பெற்று, தடுப்பூசி போட்டு, வாரிட்டு நடத்திச் செல்லப்படும் நாயால் அந்நோய் பரவுவது அரிது. முற்றாகத் தடுத்துவிட்டால் பொறுப்புள்ளவனும் வீட்டில் கட்டிப்போடுவான். பொறுப்பற்றவன் இரவில் அவிழ்த்துவிடுவான். தடையால் மக்களுக்கு என்ன நன்மை? ஒருகாலத்தில் பினாங்கோடு ஒரே ஆட்சியின்கீழ் இருந்த சிங்கப்பூர், உலக மரபுரிமைச் சிறப்புப் பெற்ற தன் தாவரவியல் பூங்காவிலேயே வாரிட்ட நாய்களை அனுமதிக்கிறது. எச்சத்தை அள்ளாதவரிடம் தண்டம் வாங்குகிறது. பூங்காவும் கெடவில்லை, மக்களும் அஞ்சவில்லை.

அதே உறுதியோடு நாய்ப்பிரியர்களையும் கண்டிக்க வேண்டும். மலைக்குச் சென்றதும் வாரைக் கழற்றிவிட்டு, 'என் நாய் ஒன்றும் செய்யாது' என்று புன்னகைக்கிறார்களே, அவர்கள்தாம் எல்லா நாய்களுக்கும் பகைவர். ஆயர் ஈத்தாம் அணை 1962-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதில் தேங்குவது தீவு மக்கள் குடிக்கும் நீர். அதன் கரையில் விடப்படும் எச்சம் மழையோடு எங்கே போகும் என்பதற்கு விளக்கம் வேண்டுவதில்லை. பினாங்கு மலை 2021-இல் யுனெசுகோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள நீள்வால் குரங்கும், கண்ணைச் சுற்றி வெண்வளையம் பூண்ட இலைக்குரங்கும், தரையில் ஊரும் சிற்றுயிர்களும் நம் நாய்க்கு விளையாட்டுப் பொருள்கள் அல்ல. குரங்குக் கூட்டத்தினுள் பாய்ந்த நாய் காயமின்றித் திரும்புவதும் அரிது. ஆறடி வார் நாயின் உரிமையைப் பறிப்பதில்லை. பிற உயிர்களின் உரிமைக்கு எல்லை வகுக்கிறது. தடைப்பலகை உள்ள இடத்தில் அதற்குக் கட்டுப்பட்டுப் பொதுச்சாலையோடு திரும்புவதே முறை.

ஆகவே மாநகர் மன்றத்திடம் நாம் கேட்க வேண்டியது சலுகையன்று, தெளிவான ஏற்பாடு. ஒவ்வொரு பெரிய குடியிருப்பின் அருகிலும் வாரிட்ட நாய்கள் நடக்க ஒரு பாதை, அதற்கொரு நேரம், எச்சத்தை இடுவதற்கு ஒரு தொட்டி, மீறுவோருக்குத் தண்டம். உரிமக் கட்டணம் செலுத்தும் குடிமகனுக்கு இது மிகையான வேண்டுகோளா?

வீட்டாரிடம் கேட்பது இன்னும் எளிது. வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். நண்பகலின் தார்ச்சாலை நாயின் உள்ளங்காலைச் சுட்டுவிடும். ஒரு புட்டி நீரும் இரண்டு பைகளும் எடுத்துக்கொள்ளுங்கள். நெடுநாள் கட்டுண்ட நாய் முதல்நாள் உங்களை இழுத்தோடும். அதனைக் குற்றம் சொல்லாதீர்கள். பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். முதல் வாரம் அடிவாரம் போதும். மூச்சு பழகியபின் மேலே ஏறலாம்.

ஆசிரியர்களிடம் கேட்பது ஒன்றே. 'நாய் நன்றியுள்ள விலங்கு' என்னும் மனப்பாடக் கட்டுரையை நிறுத்துங்கள். 'எங்கள் வீட்டு நாய் இன்று எவ்வளவு தூரம் நடந்தது?' என்று எழுதச் சொல்லுங்கள். வெற்றுத்தாளைக் கொடுக்கும் மாணவன்கூட அன்று மாலை வீட்டில் ஒரு வினாவை எழுப்புவான். அவ்வினாவுக்கு அவன் தந்தை விடையிறுத்தே ஆக வேண்டும்.

என் கொல்லைப்புறத்தில் அந்த வட்டத்தின் மீது இப்போது புல் முளைத்துவிட்டது. மணியின் சங்கிலியை நான் எறியவில்லை; துருவேறி ஆணியில் தொங்குகிறது. அதன் பக்கத்தில் புதிய தோல்வார் ஒன்று தொங்குகிறது. நாள்தோறும் விடியற்காலையில் அதை நான் எடுக்கும் ஓசை கேட்டு, இப்போது வளரும் நாய் வாயிலுக்கு ஓடிவருகிறது. இருவரும் அணைச்சாலையில் ஏறுகிறோம். வழியில் கட்டுண்ட நாய்கள் எங்களைப் பார்த்துக் குரைக்கின்றன. அக்குரல் என் நாயை நோக்கியது என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். அது கதவுக்கு உள்ளே உறங்கும் நம்மை நோக்கியது.