கல்லும் கயிறும் போதும்

பொகவந்தலாவையில் ஓடும் கெஹெல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தை நிரப்பி, கீழே விமலசுரேந்திர மின்நிலையத்தில் மின்சாரமாகிறது. ஆனால் அது எப்படி என்று கற்பிக்கப் பௌதிகவியல் ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் மலையகத்தில் பல.

இடம்பெயர்ந்த குடும்பங்களின் நிலை இன்னும் கடினம். ஊர்விட்டு ஊர் வந்து படிப்பு இடைமுறிந்த பிள்ளை, "விஞ்ஞானம் நமக்கு வராது" என்று ஒதுங்கிவிடுகிறது. இதை நாம் ஏற்கலாகாது.

கிணற்றுக் கப்பியும் அலவாங்கும் கையாண்ட நமக்கு விசை புதிதல்ல. பிள்ளைகள் தாமாகவே தொடங்கலாம். ஒரு மீற்றர் கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு மெதுவாக ஆட்டட்டும். போய்வரும் பத்து ஆட்டத்துக்கு ஏறக்குறைய 20 செக்கன். கயிற்றை 25 சென்ரிமீற்றராக்கினால் 10 செக்கன். பாரமான கல்லைக் கட்டினாலும் நேரம் மாறாது. ஏன்? இந்தக் கேள்வியோடு 10, 11ஆம் தர விஞ்ஞானப் பாடநூலைத் திறக்கும் பிள்ளை மனனம் செய்யாது, விளங்கிக்கொள்ளும்.

புத்தகம் கட்டும் தொழில் பழகிய மைக்கல் பரடே, கட்ட வந்த புத்தகங்களை வாசித்தே விஞ்ஞானத்துள் நுழைந்தார். 1831இல் அவர் கண்ட மின்காந்தத் தூண்டலாலேயே நம் மின்பிறப்பாக்கிகள் இயங்குகின்றன.

ஆசிரியர் வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரமும் ஒரு கொப்பியும் பிள்ளைக்குக் கொடுப்போம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து படித்தால் ஒருவர் பிழையை மற்றவர் திருத்துவார்.