சமய இதழ்கள் நமக்கு வேண்டாமா?

சென்ற சங்கக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் எழுந்து, "படிப்பகத்துக்கு வரும் சமய இதழ்களை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் போட்டித் தேர்வு நூல்கள் வாங்கலாம்" என்றார். பலர் கை தட்டினர். நானும் தட்டினேன். ஆனால் அறைக்குத் திரும்பியதும், தட்டியது தவறு என்றே தோன்றியது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நண்பர்களே, நான் கோயிலுக்கு அடிக்கடி செல்பவன் அல்லன். சமய இதழ் என்றால் திருவிழா அறிவிப்பும் நன்கொடைப் பட்டியலுமே என்று எண்ணியிருந்தவன். ஆனால் வரலாறு வேறு விதமாக அன்றோ பேசுகிறது! 1841இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனார் தொடங்கிய 'உதயதாரகை' சமயத்தோடு கல்வியையும் அறிவியலையும் தமிழில் பேசிற்று. 1896இல் சென்னையில் பிறந்த 'பிரபுத்த பாரத' என்னும் ஆங்கில வேதாந்த இதழின் முதல் ஆசிரியர், 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமையர். மறு ஆண்டே, சைவ சித்தாந்தத்தை ஆங்கிலத்தில் எடுத்துரைக்க நல்லசாமிப் பிள்ளையின் 'சித்தாந்த தீபிகை' வந்தது.

இவற்றினும் என்னைச் சிந்திக்க வைத்தது 'தமிழன்'. 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் காலணா இதழாகத் தொடங்கிய அது, பௌத்தம் பேசியது. அதன் வழியே சாதியின் வேரைத் தோண்டியது. அவர் மறைந்தது 1914இல். ஞான. அலோசியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவந்தது 1999இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பழைய தாள்களைப் பேணுவார் இல்லாதிருந்தால் நம் ஆய்வாளர் எதைப் படித்திருப்பர்?

இன்றைய சமய இதழ்கள் எல்லாம் அத்தகையனவா? இல்லை. தற்புகழ்ச்சியே நிறைந்தவை உண்டு. பிறரைப் பழிப்பவையும் உண்டு. அவற்றுக்காக நான் வாதாட வரவில்லை. மாற்றான் கேள்வியை மதித்து அச்சிட்டு, அதற்கு விடை கூறும் இதழுக்காகவே வாதாடுகிறேன்.

விடுதியில் ஒரே மேசையில் பல சமயத்தவர் உண்கிறோம். அடுத்தவர் நம்பிக்கையைப் பற்றி நாம் அறிந்தது என்ன? கைப்பேசியில் வரும் வசைத் துணுக்குகள் மட்டுமே!

ஆகவே என் வேண்டுகோள் இது. சைவ, வைணவ, கிறிஸ்தவ, இசுலாமிய, பௌத்த இதழ்களில் தரமானவற்றைத் தேர்ந்து வாங்குவோம். அவற்றின் அருகிலேயே பகுத்தறிவு இதழையும் வைப்போம். மாதம் ஒரு மாலை, ஒன்றுக்கொன்று முரண்படும் இரு கட்டுரைகளைப் படித்து வாதிடுவோம். தேர்வு நூல்களுக்கு வேறு வழியில் நிதி திரட்டலாம்.

அடுத்த கூட்டத்தில் இது வாக்கெடுப்புக்கு வந்தால் என் கை இதழ்களின் பக்கம் உயரும். உங்கள் கை?