மலையை அளந்தாயிற்று, லயன்கள் மட்டும் அதே இடத்தில்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்ல வழியாக வரும் ஏ4 வீதி பெரகலச் சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மேலேறி ஹப்புத்தளை, பண்டாரவளைக்குச் செல்கிறது. மற்றது கொஸ்லந்த வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்த மலை விளிம்பில் நிற்பதே சிரமம். ஊவாவின் வறண்ட காலமும் அதுதான். மானாப் புல் காய்ந்து கிடக்கும். ஆண்டுதோறும் எங்காவது ஒரு மலை எரியும். காற்று நின்று ஒக்டோபர் மழை தொடங்கும்போது, வெறுமையாகிவிட்ட சரிவுகளிலிருந்து மண் கிளம்புகிறது. சில நேரம் வண்டலாக. சில நேரம் முழு மலையாக.

இந்த மண் எப்போது, எவ்வளவு போகும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா? பெரும்பாலும் முடியும். அப்படியானால் சொன்ன பிறகும் மக்கள் ஏன் புதைகிறார்கள் என்பதே ஊவாத் தோட்டங்களின் உண்மையான கேள்வி.

இரண்டு சூத்திரங்கள்

1930களில் அமெரிக்காவின் வறண்ட சமவெளிகளில் உழுது வெறுமையாக்கப்பட்ட வயல்களைக் காற்று தூசியாக அள்ளிச் சென்றது. அந்த அழிவுதான் காற்றரிப்பை அளக்கும் அறிவியலை வளர்த்தது. 1965இல் வெளியான காற்றரிப்புச் சமன்பாடு ஐந்து விடயங்களைக் கேட்கிறது: மண்ணின் இயல்பு, நிலத்தின் கரடுமுரடு, காலநிலை, காற்று தடையின்றி ஓடும் தூரம், தாவர மூடாக்கு. அதே ஆண்டில் மழையால் ஏற்படும் மண்ணரிப்புக்கான சூத்திரமும் நூலாக வெளிவந்தது. அதில் மழையின் தாக்கம், மண்ணின் இயல்பு, சரிவின் நீளமும் சாய்வும், மூடாக்கு, பாதுகாப்பு வேலைகள் ஆகியவை வருகின்றன.

இலங்கையில் காற்றரிப்பு என்றால் மன்னாரும் வடமராட்சி மணற்காடும்தான் முதலில் நினைவுக்கு வரும். பெரகலைச் சரிவில் காற்று துணைக் காரணம். மண்ணை அள்ளுவது மழை. ஆனாலும் இரண்டு சூத்திரங்களும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. காற்றையும் மழையையும் மண்ணின் பிறப்பையும் மனிதனால் மாற்ற முடியாது. நிலத்தை மூடி வைப்பதும், ஓடும் நீரையோ காற்றையோ இடைமறிப்பதும் மட்டுமே அவன் கையில் இருப்பவை.

தேயிலை மலையில் இதன் பொருள் எளியது. செடிகள் நெருங்கி, தரை மூடியிருக்கும் மலையில் ஆண்டுக்கு ஹெக்டயருக்கு ஒரு டன்னுக்கும் குறைவாகவே மண் இழக்கப்படும். செடிகள் செத்து இடைவெளி விழுந்த பழைய விதைத் தேயிலையில் அது பல பத்து டன்களாகிறது. கண்ணுக்கு இது தெரியாது. ஒரு ஹெக்டயரில் ஒரு மில்லிமீற்றர் மண் போனாலே ஏறக்குறைய பன்னிரண்டு டன் ஆகிவிடும். அதனால்தான் அளக்க வேண்டியிருக்கிறது. நிலத்தில் இரும்புக் கம்பிகளை ஊன்றி ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பார்ப்பது, சரிவின் அடியில் தொட்டி கட்டி வண்டலை நிறுப்பது போன்ற செலவு குறைந்த முறைகள் உண்டு.

இந்த நாட்டில் இது புதிய கவலையும் அல்ல. மண்ணரிப்பு பற்றிய அரசாங்கக் குழுவின் அறிக்கை 1931இல் வந்தது. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இல் நிறைவேறியது.

மண்சரிவின் கணக்கு வேறு

மேல்மண் அரிப்பும் மண்சரிவும் ஒன்றல்ல. சூத்திரம் சொல்வது ஆண்டுச் சராசரியை. மண்சரிவு ஓர் இரவில் நடப்பது. தளர்வான மண்படைக்குள் நீர் இறங்கி, உள்ளே அழுத்தம் ஏறி, மண்ணின் பிடிப்பு விடும்போது சரிவு நகர்கிறது. ஆனால் இரண்டையும் இணைக்கும் ஒன்று தோட்டத்தில் இருக்கிறது: கான். கான்கள் வெட்டித் துப்புரவாக இருந்தால் மழைநீர் மலையை விட்டு ஒழுங்காக வெளியேறும். அரித்து வந்த மண்ணால் கான் அடைபட்டால் அந்த நீர் மலைக்குள்ளேயே இறங்கும். காடாகிப்போன மலைகளில் கான் வெட்ட ஆளில்லை. அவற்றின் கீழே லயன்கள் இருக்கின்றன.

மண்சரிவை முன்னறிவதிலும் பதுளை பின்தங்கிய மாவட்டம் அல்ல. 1986இன் அழிவுகளுக்குப் பின், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990களின் முற்பகுதியில் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரிக்கத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்டவை பதுளையும் நுவரெலியாவும்தான். இன்று அதன் எச்சரிக்கை அளவுகளும் தெளிவானவை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் தயார்நிலை, 150 என்றால் வெளியேற வேண்டும்.

எச்சரிக்கை இருந்தது

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தில் மலை இறங்கி லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. கணிப்பு பிழைக்கவில்லை. தப்பியவர்களுக்குப் பூனாகலைப் பக்கம் 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. அதற்கும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. 2023 மார்ச்சில் அதே பூனாகலையின் கபரகலை தோட்டத்தில் லயன்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். மலையகம்தான் பெருமளவு இழந்தது. தமிழில் எச்சரிக்கைகள் உரிய நேரத்தில் வரவில்லை என்ற விமர்சனமும் அப்போது எழுந்தது.

'வெளியேறுங்கள்' என்ற சொல்லைக் கேட்பவருக்குப் போவதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும். தோட்ட நிலம் அரசுக்குச் சொந்தமானது. 1992 முதல் அது பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமையில் இருக்கிறது. லயனில் நான்கு, ஐந்து தலைமுறை வாழ்ந்தவருக்கும் அந்த அறை சொந்தமில்லை. மேலே உள்ள மலையில் கான் வெட்டவோ, மரம் நடவோ, பாதுகாப்பான மேட்டில் தானாக ஒரு வீடு கட்டவோ அவருக்கு அதிகாரம் இல்லை. சூத்திரத்தில் மாற்றக்கூடிய பகுதிகள் எல்லாம் ஒருவர் கையில். ஆபத்து இன்னொருவர் தலையில். மழை கூடினால் பாடசாலைக்கோ கோயிலுக்கோ போய் இரண்டு இரவு தங்குகிறார்கள். பெயர்ப்பதிவு, பிள்ளைகளின் படிப்பு, மறுநாள் பேர் எல்லாம் லயனோடு கட்டப்பட்டிருக்கின்றன. மழை விட்டதும் திரும்பிவிடுகிறார்கள். இதை மக்களின் அலட்சியம் என்று எழுதுவது எளிது, ஆனால் உண்மையல்ல.

அடுத்த ஒக்டோபருக்கு முன்

இந்தியப் பிரதமர் மோடி 2017 மே மாதம் நோர்வூட்டில் 10,000 வீடுகளை அறிவித்தார். வீட்டுத் திட்டங்கள் வரவேற்கத்தக்கவையே. ஆனால் யாருக்கு முதலில் என்பதை அரசியல் செல்வாக்கு அல்ல, அபாய வரைபடம் தீர்மானிக்க வேண்டும். அதிக ஆபத்து வலயத்தில் உள்ள லயன்களின் பட்டியல் தோட்டம் தோட்டமாகத் தமிழில் வெளியிடப்பட வேண்டும். இன்ன பிரிவு, இன்ன லயன் என்று தெரிந்தால்தான் தொழிற்சங்கமும் பிரதேச சபையும் கேள்வி கேட்க முடியும். கான் பராமரிப்பும் தரை மூடாக்கும் கம்பனிகளின் குத்தகை நிபந்தனையாகப் பரிசோதிக்கப்பட வேண்டும். கவ்வாத்து செய்த மலையில் கழித்த வாதுகளைத் தரையிலேயே விடச் சொல்வதானால், அவற்றை விறகாகச் சுமக்கும் குடும்பத்துக்கு மாற்று எரிபொருளும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாதுகாப்பான நிலத்தில் காணி உறுதி மழைக்கு முன்பே கைக்கு வர வேண்டும். சவப்பெட்டிகளுக்குப் பின்னால் அல்ல.

மழைமானியில் 150 என்று பார்த்த ஒருவர் தன் குடும்பத்தை எங்கே கூட்டிச் செல்வது என்று யோசிக்க வேண்டிய நிலை இருக்கும்வரை, அந்த எண்ணால் பயனில்லை. பெரகலைக்குக் கீழே உள்ள சரிவுகளில் எது நகரும் என்பது வரைபடத்தில் இருக்கிறது. அங்கே யார் யார் இன்னும் வாழ்கிறார்கள் என்பதும் தோட்டப் பதிவேட்டில் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க எந்தப் புதிய அறிவியலும் தேவையில்லை.