பெயர் தெரியாத பூஞ்சைக்கு என்ன மருந்து?

"ஈஸ்ட்தானே, அதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" நுண்ணுயிரியல் படிக்கும் என்னிடம் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ரொட்டியை உப்பச் செய்யும் ஈஸ்டைத் தமிழ்ப்பள்ளியிலேயே அறிந்தோம். அதன் உறவுகளில் சில மனித இரத்தத்தில் புகுந்து உயிரையே வாங்கிவிடும் என்பதைப் பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் அறிந்தேன்.

கேண்டிடா எனும் ஈஸ்ட்களை, அவை எந்தெந்தச் சீனியை உண்கின்றன என்று பார்த்தே ஆய்வுக்கூடங்கள் நெடுங்காலம் பெயரிட்டு வந்தன. கேண்டிடா அல்பிகான்ஸில் சிக்கல் குறைவு. சீரத்தில் இட்டால் இரண்டு மூன்று மணி நேரத்தில் முளைக்குழாய் விட்டுத் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால், கேண்டிடா குரூசெய் இனத்திடம் புளுகோனசோல் மருந்து இயல்பாகவே பலிக்காது. பெயர் தவறினால் மருந்தும் தவறும்.

கேண்டிடா ஆரிஸின் கதையைப் பாருங்கள். 2009இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுக்கப்பட்டு, புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. சீனிச் சோதனைக் கருவிகளோ அதைக் கேண்டிடா ஹெமுலோனி என்றே சொல்லி வந்தன. தென்கொரியாவில் 1996இல் ஒரு நோயாளியின் இரத்தத்திலிருந்து எடுத்துச் சேமித்த ஈஸ்ட்டும் இதுதான் என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. பதினைந்து ஆண்டுகள்! மலேசியாவில் ஏற்பட்ட தொற்று பற்றிய கட்டுரை 2018இல் வெளிவந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் மிக ஆபத்தானவை என அறிவித்த நான்கு பூஞ்சைகளுள் இதுவும் ஒன்று.

அதன் முகமூடியைக் கிழித்தது மரபணு ஆய்வே. ரைபோசோம் மரபணுக்கள் எல்லாப் பூஞ்சைகளிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அவற்றுக்கு இடையிலுள்ள ஐ.டி.எஸ். பகுதி மட்டும் இனத்துக்கு இனம் மாறும். அதைப் பி.சி.ஆர். முறையில் பெருக்கி, எழுத்து எழுத்தாகப் படித்து, தரவுத்தளத்தோடு ஒப்பிட்டால் பெயர் கிடைத்துவிடும். (தரவுத்தளத்திலேயே தவறான பெயர்கள் உண்டு என்பது வேறு கதை.)

இவ்வசதி பெருநகரங்களோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் வாதம். செலவு அதிகம் என்பார்கள், உண்மைதான். எல்லா மாதிரிகளுக்கும் வேண்டாமே! இரத்தத்திலிருந்தும் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்தும் வரும் ஈஸ்ட்களுக்காவது செய்யலாம். தவறான மருந்தில் கழியும் நாள்களுக்கும் விலை உண்டல்லவா? இனிப்புநீர் முற்றி, கழுத்து நரம்பில் குழாயோடு கிடப்பவர்களில் நம்மவர்கள் குறைவா என்ன?

இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பு தேடும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. 'கேண்டிடா வகை' என்று மட்டும் எழுதப்பட்ட பழைய மாதிரிகள் உங்கள் துறையின் உறைபெட்டியில் இருக்கின்றனவா என்று விரிவுரையாளரிடம் கேட்டுப் பாருங்கள்.