அங்காடியில் அரசி, ஆட்சியில் ஏதிலி!

மேலை ஆப்பிரிக்காவின் செனகல் நாடு 1960-இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து விடுதலை பெற்றது. கொடி மாறிற்று, கோல் மாறிற்று, ஆளும் மொழி மட்டும் மாறவில்லை!

2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 81 இலக்கம். அவருள் ஐவரில் ஒருவர்க்கு மேல், நாட்டுப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத டக்கார் வட்டாரத்தில் நெருங்கி வாழ்கின்றனர். பிழைப்புத் தேடி அங்கு வந்து கூடும் செரேர், புலார் முதலிய பல தாய்மொழியினரையும் இணைக்கும் மொழி எது? பிரெஞ்சு அன்று, வோலோபு! நாட்டு மக்களுள் ஐவரில் நால்வர் அதனை அறிவர். ஆயினும், 2001-இல் இயற்றப்பெற்ற அரசியலமைப்பு, அலுவல்மொழியாக அரியணை ஏற்றியது பிரெஞ்சையே. மண்ணின் மொழிகட்கு 'நாட்டுமொழி' என்னும் வெறும் பட்டமே எஞ்சியது!

இக்கொடுமையைச் செம்பேன் ஊசுமான் 1968-இல் 'மந்தாபி' என்னும் வோலோபுத் திரைப்படத்தில் காட்டினார். பாரிசிலிருந்து வந்த பணவிடையை மாற்ற, எழுத்தறியா முதியவர் ஒருவர் அலுவலகம் அலுவலகமாக அலைகிறார், இறுதியில் ஏமாற்றப்படுகிறார். சொந்த நகரிலேயே அவர் அயலார்!

அவரே 1977-இல் எடுத்த 'செத்தோ'வுக்கோ தடை! பெயரில் மெய்யெழுத்து இரட்டித்தது பிழை என்பது அரசு சொன்ன கரணியம். அன்றைய குடியரசுத் தலைவர் செங்கோர், பிரெஞ்சில் பா எழுதிப் புகழ் பெற்றவர். 1983-இல் பிரெஞ்சுக் கழகத்துக்கே உறுப்பினராகத் தெரிவு செய்யப்பெற்றவர்!

"அறிவியலுக்கு வோலோபு ஆகாது" என்போர்க்குச் சேக்கு அந்தா தியோபு 1954-இலேயே விடையிறுத்தார். சார்பியல் கோட்பாட்டு விளக்கத்தை வோலோபில் பெயர்த்துக் காட்டினார். இன்று டக்கார்ப் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்குகிறது, பாடமோ பிரெஞ்சில்!

"பல மொழி நாட்டில் ஒன்றை உயர்த்தினால் பூசல் விளையும், பிரெஞ்சே பொது" என்பர் சிலர். அண்டை நாடாகிய மாலி, 2023-இல் தன் 13 மொழிகளை அலுவல்மொழிகளாக்கிப் பிரெஞ்சை வெறும் பணிமொழியாக இறக்கிற்றே! ஒன்றை உயர்த்த அஞ்சுவோர் அனைத்தையும் உயர்த்தலாமன்றோ?

பேசுவோர் பெருகினால் போதும், மொழி தானே வாழும் என்று வாளாவிருப்போர் டக்காரைக் காண்க! அங்காடியில் ஆளும் வோலோபிலேயே, நகரத்தார் நாவில் பிரெஞ்சுச் சொற்கள் மண்டிவிட்டன. ஆட்சியில் இடமில்லா மொழி, நாவிலும் தன் இடத்தை இழக்கும். மொழி விடுதலையில்லா நாட்டு விடுதலை அரை விடுதலையே!