கைகூப்பாத பையன்



நேற்று நம் குடும்ப குரூப்பில் ஒரு செய்தி சுற்றியது. காலை வழிபாட்டில் கைகூப்பாத பிள்ளைக்கு டி.சி. கொடுத்து அனுப்ப வேண்டுமாம். அதற்கு 17 லைக். என் தம்பி மகனும் போட்டிருக்கிறான்.

1985இல் கேரளத்தில் தேசிய கீதம் பாடாததற்காக மூன்று பிள்ளைகளைப் பள்ளியை விட்டே நீக்கினார்கள். யெகோவா சாட்சிகள் குடும்பம். மரியாதையாக எழுந்து நின்றார்கள், வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். உயர் நீதிமன்றமும் கைவிரித்தது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது. எழுந்து நின்றாலே மரியாதைதான், பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார்.

நான் சாமி கும்பிடாதவன். அந்தப் பிள்ளைகளின் பக்தி எனக்கு விளங்காது. ஆனால் அவர்களைப் பாட வைக்க ஒருவருக்கு அதிகாரம் இருந்தால், என்னைக் கும்பிட வைக்கவும் இருக்கும். அரசு அங்கீகாரமோ நிதியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையை மத வழிபாட்டில் நிறுத்தக் கூடாது. அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு அது. லைக் போட்டவர்கள் ஒருமுறை படியுங்கள்.

ஒழுக்கம் கெட்டுவிடும் என்கிறீர்களா? 34 வருஷத்தில் நான் பிட்டோடு பிடித்தவர்கள் எல்லாரும் காலையில் கண்மூடிக் கும்பிட்டவர்கள்தான்!

ஒன்றை மறைக்கக் கூடாது. தலைமையாசிரியர் சொன்னார் என்று, கைகூப்பாத ஒரு பையனை நானே வெயிலில் நிறுத்தியிருக்கிறேன். அப்போதும் நான் நாத்திகன்தான். ஏழாம் வகுப்பு, பி பிரிவு. டேய், இதைப் படித்தால் ஒரு போன் பண்ணு. வீடு மாறவில்லை, நேரில் வந்தாலும் சரி.