வாயிலில் ஆடும் தோரணம்

இல்லத்திற்கு முகம் என்று ஒன்று உண்டாயின் அஃது அதன் வாயிலேயாகும். உள்ளே நிகழ்வது மணமா, பூசையா, துயரமா என்பதை வருவோர் வீட்டாரை வினவி அறியவேண்டுவதில்லை. வாயிலே அதனைச் சொல்லிவிடும். புரட்டாதி, ஐப்பசி, கார்த்திகை ஆகிய மூன்று திங்களும் நமக்கு விழாக்காலம். நவராத்திரி, தீபாவளி, கந்தசட்டி, விளக்கீடு என ஒன்றன்பின் ஒன்றாகத் திருநாள்கள் வந்துகொண்டேயிருக்கும். வரவு குறைந்து செலவு மிகுந்த குடும்பங்களில், "வீட்டை அழகுபடுத்தவும் பணம் வேண்டுமே!" என்ற கவலையும் அவற்றுடன் வருவதுண்டு. அக்கவலைக்கு இடமில்லை என்பதையும், வாயிலை அணிசெய்ய வேண்டுவன பெரும்பாலும் நம் வளவிலேயே கிடக்கின்றன என்பதையும் இவ்வாரம் எடுத்துக்கூற விரும்புகிறேன்.

மேலைநாட்டாரும் இப்பருவத்திற் கதவை அணிசெய்வர். அங்கே இது இலையுதிர் காலம். காய்ந்த திராட்சைக் கொடியை வளையமாக முறுக்கி, சிவந்து உதிர்ந்த மேப்பிள் இலைகளையும் ஓக்கு மரத்தின் கொட்டைகளையும் சோளப் பொத்தியின் உலர்ந்த மடல்களையும் அதிற் செருகி, வீட்டுக் கதவில் மாட்டுவர். தோட்டத்திலும் வழியோரத்திலும் பொறுக்கியவையே போதுமாதலின் எளியவரும் அதனைச் செய்ய முடிகிறது. ஆயினும், அவ்வளையத்தை அப்படியே கொணர்ந்து நம் கதவில் மாட்டுதல் பொருந்தாது. மலர்வளையம் என்றதும் நம் நினைவுக்கு வருவது இறந்தோர்க்குச் செலுத்தும் இறுதி மரியாதையே. ஒரே வடிவம் ஒரு நாட்டில் வரவேற்பையும் மற்றொரு நாட்டில் இரங்கலையும் உணர்த்துகிறது. ஆகவே, அவர்களிடத்து நாம் கொள்ளத்தக்கது வளையமன்று. பருவம் தந்ததைக் கொண்டு தம் கையாலேயே வாயிலை அணிசெய்யும் பழக்கமே. அப்பழக்கமும் நமக்குப் புதியதன்று. நம்மிடத்து அதன் பெயர் தோரணம்.

தோரணம் என்னும் வடசொல் முதலில் அலங்கார வாயிலையே குறித்தது. மத்திய இந்தியாவிற் சாஞ்சித் தூபத்தின் நாற்றிசையிலும் நிற்கும் சிற்பமார்ந்த கல்வாயில்கள் தோரணம் என்றே வழங்கப்படுகின்றன. நம் சிங்களச் சகோதரர் வெசாக் காலத்தில் ஒளிவிளக்குகளால் எழுப்பும் உயர்ந்த பந்தலுக்குத் "தொரண" என்றே பெயர். இளந்தென்னோலையைக் "கொக்கொல" என்று கூறி, அதனை மடித்தும் நறுக்கியும் சடங்கு மேடைகளை அணிசெய்யும் நுண்கலையும் அவர்களிடத்து உண்டு. கல்லிலே எழுந்த வாயில் ஓலையிலும் இலையிலும் எளிமையுற்று ஏழையின் குடிசை வாயிலுக்கும் உரியதாயிற்று.

குருவிகள் கூறும் செய்தி

யாழ்ப்பாணத்து வழக்கில் தென்னங்குருத்தோலைத் தோரணம் இருவகைப்படும். ஒன்று மங்கலத் தோரணம், மற்றொன்று அமங்கலத் தோரணம். ஓலையை மடித்து முடையும்போது தோன்றும் சிறு வடிவங்களைக் "குருவி" என்பர். மங்கலத் தோரணத்தில் நான்கு குருவிகள் தலை நிமிர்ந்திருக்கும். அமங்கலத் தோரணத்தில் மூன்று குருவிகள் தலைகீழாயிருக்கும். தெருவால் ஒருவர் செல்லும்போதே, எட்ட நின்று பார்த்து, இவ்வீட்டிற் கொண்டாட்டமா துக்கமா என்பதை அறிந்துகொள்வர். எழுத்தறியாதவரும் படிக்கத்தக்க அறிவித்தற் பலகை அது.

இன்று இந்த வேறுபாட்டை எத்தனை இளைஞர் அறிவர்? சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கல்லூரியில் வாணி விழாவுக்காக மாணவர்கள் மிக்க ஆர்வத்துடன் குருத்தோலை முடைந்து வாயிலிற் கட்டிக்கொண்டிருந்தனர். எங்கோ பார்த்ததை நினைவிற் கொண்டு அவர்கள் செய்த தோரணம் அழகாகவே இருந்தது. அவ்வழியே வந்த முதிய தோட்டக்காரர் ஒருவர் திடுக்கிட்டு நின்று, "தம்பிமார், இது செத்தவீட்டுத் தோரணமெல்லோ!" என்றார். பின்பு தரையில் அமர்ந்து, ஓரோலையை எடுத்து, நான்கு குருவிகளை அவர்கள் கண்ணெதிரே முடைந்து காட்டினார். அரைமணி நேரத்திற் பத்து மாணவர் அக்கலையைக் கற்றுக்கொண்டனர். அம்முதியவர் அன்று அவ்வழியே வந்திராவிடின் அவர்களுக்கு அதனைச் சொல்ல அவ்விடத்தில் வேறு எவரும் இருந்திலர்.

இதிற் பிள்ளைகளைக் குறைகூறிப் பயனில்லை. இத்தகைய அறிவு பாடநூலில் இல்லை. பாட்டனின் விரலிலிருந்து பேரனின் விரலுக்குச் செல்வது அது. 1995ஆம் ஆண்டு ஒக்தோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டுப் பெயர்ந்ததைப் போன்ற இடப்பெயர்வுகள், பாட்டனை ஓரிடத்திலும் பேரனை வேறோரிடத்திலுமாகப் பிரித்தன. வளவும் தென்னையும் இன்றி, கூடாரத்திலும் மாடிக் குடியிருப்பிலும் ஒரு தலைமுறை வளர்ந்தது. அறுந்த இழையை முடிவதற்கு, அறிந்தவர்கள் நம்மிடையே இருக்கும் காலம் இதுவே.

கடைத் தோரணம்

கடைகளிற் பிளாஸ்டிக் மாவிலையும் பிளாஸ்டிக் பூமாலையும் தொங்குவதைப் பலரும் கண்டிருப்பர். ஒருமுறை வாங்கினாற் பல ஆண்டுக்குப் போதும் என்பதே அவற்றை வாங்குவோர் கூறும் நியாயம். ஆனால், ஆண்டு முழுவதும் தொங்கும் தோரணம் எந்த நாளையும் சிறப்பிப்பதில்லை. திருநாளன்று பசுமையாக ஆடி, மூன்றாம் நாள் வாடுவதனாலன்றோ "நேற்று இங்கே விழா நடந்தது" என்று இயற்கைத் தோரணம் சொல்ல முடிகிறது! வாடாத தோரணம் வெயிலில் வெளிறிப் புழுதி படிந்து, ஈற்றில் மண்ணோடு மண்ணாகாமலே கிடக்கும்.

சட்டமும் இவ்விடயத்திற் கண் திறந்திருக்கிறது. அரசியல், சமய, சமூக, பண்பாட்டு நிகழ்ச்சிகளிற் பொலித்தீனை அலங்காரத்திற்குப் பயன்படுத்தலாகாது என்று 2017இல் ஒழுங்குவிதி பிறந்தது. 2023 ஒக்தோபர் 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் சில தடைசெய்யப்பட்டன. அப்பட்டியலிற் பூமாலையும் இடியப்பத் தட்டும் இடம்பெற்றமை கருதத்தக்கது. ஈர்க்கினால் இழைத்த தட்டும், வாழைநாரிற் கட்டிய மாலையும் நம் வீட்டாரும் அயலாரும் செய்து வந்தவையல்லவோ?

மாவிலைத் தோரணம்

முதலிற் கற்கத்தக்கது மாவிலைத் தோரணமே. ஆறு வயதுக் குழந்தையும் இதனைச் செய்யலாம். மூன்றடி அகலமுள்ள வாயிலுக்கு ஐந்தடித் தும்புக் கயிறு போதும்; நடுவில் இலேசாகத் தொய்வதற்கும் இருபுறமும் முடிவதற்கும் அந்நீளம் வேண்டும். இலைகள் பதினொன்று அல்லது பதின்மூன்று கொள்க. செந்நிறத் தளிர் விரைவில் துவண்டுவிடும். முற்றிய இலை மடிக்கும்போது வெடித்துவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட, பச்சை நிறம் நிரம்பிய இலையே தக்கது. முதல்நாள் மாலையிற் காம்புடன் பறித்துக் கழுவி, இரவு நீரில் இட்டுவைத்தால் மறுநாள் வாடாது நிற்கும்.

கயிற்றை இரு தூண்களுக்கிடையே கட்டிக்கொண்டு, இலையின் காம்புப் பக்கத்தைக் கயிற்றின்மேல் ஓரங்குலம் மடித்து, இரு மடிப்பினூடாகவும் சிறு ஈர்க்குத் துண்டைக் குத்திச் செருகுக. இலை நுனி கீழ்நோக்கியிருத்தல் வேண்டும். நான்கு விரல் இடைவெளி விட்டு அடுத்த இலையைக் கோத்தால், வரிசை நெருக்கமுமின்றி வெறுமையுமின்றி அமையும். கொழும்பில் மாடிவீடுகளில் வாழ்வோரும் சந்தையில் ஒரு பிடி மாவிலை வாங்கி இதனைச் செய்யலாம். ஈர்க்குக்குத் தும்புத்தடியைத் தேடவேண்டா. வீட்டு விளக்குமாற்றில் ஒரு குச்சி முறித்தாலே போதும்.

குருத்தோலை

குருத்தோலைக்கு வருமுன் ஓர் எச்சரிக்கை வேண்டும். தென்னைக்கு வளரும் முகை ஒன்றேதான்; அது சிதைந்தால் மரமே பட்டுப்போம். மாதத்துக்கு ஏறத்தாழ ஓரோலையே புதிதாக விரிகிறது. ஒவ்வோர் ஓலையின் கக்கத்திலும் ஒரு பாளை தோன்றும். ஆதலின் ஒவ்வொரு குருத்தும் மரத்தின் வருங்கால முதல் என்று கருதுக. வெட்டுவாயின் மணத்தை நாடிச் செங்கூன்வண்டு வந்து முட்டையிடுதலும் உண்டு. 2024இன் இறுதியில் தேங்காய்த் தட்டுப்பாட்டினால் விலை ஏறியதை இல்லத்தரசியர் மறந்திருக்கமாட்டார்கள். எனவே, அழகுக்காகக் காய்க்கும் மரத்தின் குருத்தை ஆண்டுதோறும் வெட்டுதல் சிக்கனமாகாது. காற்றில் விழுந்த மரம், வீடு கட்டுவதற்காகத் தறிக்கப்படும் மரம் ஆகியவற்றின் குருத்தே உகந்தது. அது கிடையாதாயின், பழகிய கையினர் ஒருவரைக் கொண்டு குருத்தின் மேற்பகுதியை மட்டும் அளவாக அரிவிக்கலாம். வளர்ந்த ஓலை ஒன்றில் ஏறத்தாழ இருநூறு முதல் இருநூற்றைம்பது இலக்குகள் உண்டு. ஒரு வீட்டுக்கு அவ்வளவும் வேண்டா. அயலார் மூவர் நால்வர் ஒரு குருத்தைப் பகிர்ந்துகொண்டால் மரமும் பிழைக்கும், உறவும் வளரும்.

வெயில் படாது மடிந்திருப்பதனாலேயே குருத்து பொன்னிறமாக இருக்கிறது. வெட்டியதும் ஈரத்துணியிற் சுற்றி நிழலில் வைத்தல் வேண்டும். இன்றேல் உலர்ந்து விறைத்துவிடும். இலக்கைக் கிள்ளி நடு ஈர்க்கை நீக்கினால் இரு நீண்ட கீற்றுகள் கிடைக்கும். ஒரு கீற்றைக் கயிற்றின்மேல் இரண்டாக மடித்துப் போட்டு, கயிற்றின் கீழே ஈர்க்கினாற் குத்தி நிறுத்துக. பின்பு தொங்கும் பகுதியைக் கத்தரிக்கோலால் மெல்லிய இழைகளாக நறுக்கிவிட்டால், இளங்காற்றிலும் அது சலசலத்து ஆடும். இது தொடக்கநிலைத் தோரணம். குருவி முடையும் முறையையோ ஏட்டிலெழுதிக் கற்பித்தல் அரிது. ஊரில் அதனை அறிந்த பெரியவரை அழைத்து, நிலத்திற் பாயிட்டு, அவர் கையைப் பார்த்துக் கற்பதே நெறி. தேநீர் ஒன்றே அதற்குரிய கட்டணம்.

வாழையும் பூவும் கடதாசியும்

படலையின் இருபுறமும் குலைவாழை நாட்டுதல் மரபு. இதற்கெனப் பணங்கொடுத்து மரம் வாங்கவேண்டுவதில்லை. வாழை ஒருமுறையே குலை ஈனும். குலை வெட்டியபின் அம்மரத்தை எவ்வாறாயினும் அகற்றியே ஆகவேண்டும். தோட்டக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அறுவடை நாளில் மரத்தைத் தந்துவிடுவர். குலையில்லாத வாயிலுக்கு, பக்கக் கன்றுகளைக் களையும்போது கிடைக்கும் இரு கன்றுகளே எடுப்பாயிருக்கும்.

வாழைமடலின் புறத்தை உரித்து உலர்த்தி, நீரில் நனைத்துக் கிழித்தால் நார் கிடைக்கும். அந்நாரில் அலரி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி ஆகிய வேலியோரப் பூக்களைத் தொடுத்துத் தோரணத்தின் நடுவே ஒரு முழம் தொங்கவிடலாம்.

மாணவர்க்கு ஒரு சொல். வகுப்பறைக்குள் கடதாசிச் சங்கிலி கட்ட விரும்பினால், எழுதி முடித்த அப்பியாசக் கொப்பிகளின் வண்ண அட்டைகளையும் பழைய நாட்காட்டித் தாள்களையும் விரலளவு கீற்றுகளாக நறுக்குக. கோதுமை மாவை நீரிற் கரைத்துக் காய்ச்சிய பசையே ஒட்டுவதற்குப் போதும். ஐப்பசி மழை சாரலடிக்கும் பருவமாதலின் கடதாசியை உள்ளேயும் இலையை வெளியேயும் கட்டுதல் நன்று. மழைத்துளி விழ விழ மாவிலையின் பசுமை மிகும். கடதாசியோ கரைந்து சுவரிற் கறையாகும்.

விசயதசமியன்று குழந்தையின் விரலைப் பற்றி அரிசியில் முதலெழுத்தை எழுதுவித்து ஏடு தொடக்குகிறோம். அதற்கு முதல்நாளே அதே விரலிடையில் ஒரு மாவிலையையும் ஓர் ஈர்க்கையும் கொடுங்கள். இலை கோணலாய்க் கோக்கப்பட்டிருந்தாலும் அதனைப் பிரித்துத் திருத்தவேண்டா. அப்படியே வாயிலிற் கட்டுங்கள். வருவோரிடம், "இது எங்கள் பிள்ளை கட்டியது" என்று சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அப்பிள்ளை ஒருவரும் ஏவாமலே கயிற்றை எடுத்துக்கொண்டு மாமரத்தடிக்குச் செல்வதைக் காண்பீர்கள்.